வெளிமாநிலத் தொழிலாளர்களிடம் போதைப்பழக்கம்: வட சென்னையில் மக்கள் பங்கேற்பு ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணூர், மணலி, மாதவரம், செங்குன்றம், காசிமேடு வட்டாரத்தில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்களிடம் குடி, புகையிலை, கஞ்சா பற்றி ஆய்வு செய்யக் கிளம்பும் மாணவர்களும் தொண்டு நிறுவனப் பணியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். புள்ளியியல் பாடம் இதில் கொஞ்சம்தான். களத்தில் எது சறுக்கும், ஏன் சறுக்கும் என்பதே அதிகம்.

சாதாரண சர்வேக்கும் பங்கேற்பு ஆய்வுக்கும் என்ன வித்தியாசம்?

நூறு பேரைப் பார்த்து ஃபார்ம் நிரப்பிக்கொண்டு வந்தால் அது சர்வே. எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, வந்த பதிலுக்கு என்ன பொருள், அதை யாருக்குச் சொல்வது: இந்த நான்கு முடிவுகளிலும் தொழிலாளிக்கு ஓட்டு இருந்தால் அது பங்கேற்பு ஆய்வு. சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தொழிலாளர் குழு "இந்தக் கேள்வி வேண்டாம்" என்று சொல்லி ஒரு கேள்வியாவது வெட்டுப்பட்டிருக்கிறதா? வெட்டுப்படவில்லை என்றால் பங்கேற்பு பேருக்குத்தான்.

கொலம்பியாவில் ஓர்லாண்டோ ஃபால்ஸ் போர்டா 1970களில் இந்த முறையை வளர்த்தது விவசாயிகளோடு. அவர்கள் அடுத்த வருடமும் அதே ஊரில் இருப்பார்கள். மணலி கன்டெய்னர் யார்டில் இன்று பார்த்த ஆள் ஆறு மாதம் கழித்து சூரத்தில் இருக்கலாம். பாடப்புத்தகத்தில் உள்ள முறையை அப்படியே கொண்டுவந்து இறக்கினால் முதல் அடி இங்கேதான் விழும்.

ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு இறுதிக் கேள்வித்தாளைக் கேட்கிறது. நாங்களோ தொழிலாளர்களோடு சேர்ந்துதான் கேள்விகளை எழுத வேண்டும். என்ன செய்வது?

இரண்டு கட்டமாக விண்ணப்பியுங்கள். முதல் கட்டத்தில் குழு அமைத்தல், களவரைபடம், கலந்துரையாடல் மட்டும் இருக்கட்டும். அதற்கு உரையாடல் வழிகாட்டி போதும். கேள்வித்தாள் தயாரானதும் அதைத் திருத்தமாகச் சமர்ப்பித்து இரண்டாம் ஒப்புதல் வாங்குங்கள். இடையில் போகும் இரண்டு மாதத்தையும் முதலிலேயே காலத்திட்டத்தில் போட்டுவிட வேண்டும். போடாதவர்கள் ஒப்புதலுக்காகக் கேள்வித்தாளை முன்கூட்டியே அச்சடித்துவிட்டு, தொழிலாளர்களைக் கூப்பிட்டு "கருத்து" கேட்பார்கள். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

"சமூகம்" என்று யாரைச் சொல்வது?

மொத்த ஆய்வும் இதில்தான் நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லோரும் "ஹிந்திக்காரர்கள்". உள்ளே போனால் கதை வேறு. செங்குன்றம் பக்கத்துச் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து சர்தார் (ஆள்பிடிக்கும் தரகர்) மூலம் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு வந்தவர்கள். கட்டட வேலையில் பீகார், வங்காளம், ஜார்க்கண்ட் இளைஞர்கள். இவர்களில் பெரும்பாலும் தனி ஆட்கள். காசிமேடு விசைப்படகுகளில் ஆந்திராவிலிருந்து வந்தவர்கள். இவர்களோடு விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து செட்டில் (தொழிலாளர் தங்கும் கொட்டகையில்) தங்கும் தமிழர்களையும் விட்டுவிடக் கூடாது. விட்டுவிட்டால் போதையை வெளிமாநிலத்தான் கொண்டுவந்த சரக்கு என்று காட்டும் ஆய்வாக அது முடிந்துவிடும்.

இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே சமூகம் அல்ல. ஒரே செட்டுக்குள்ளேயே ஒரு மாவட்டத்துக்காரர் இன்னொரு மாவட்டத்துக்காரரோடு சேர்ந்து குடிக்க மாட்டார். ஊர், மொழி, மேஸ்திரி மூன்றும் ஒத்துப்போகும் 15, 20 பேர்தான் உண்மையான அலகு. ஆலோசனைக் குழுவில் இப்படி நாலைந்து அலகுகளிலிருந்து இரண்டிரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஊருக்குப் போய்விட்டாலும் இன்னொருவர் இருப்பார்.

கான்ட்ராக்டர் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியுமா?

லேபர் கேம்ப்புக்குள் போக முடியாது. ஆனால் உள்ளே போய்த்தான் பேச வேண்டும் என்று யார் சொன்னது? கான்ட்ராக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வந்து ஆய்வைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போக அனுமதி. பேட்டியை அங்கே எடுக்கக் கூடாது. மேஸ்திரி "டேய், நாலு பேர் வாங்கடா" என்று கூப்பிட்டு உட்காரவைத்தால், அந்த நாலு பேரும் ஒரு சொட்டுகூடத் தொடாதவர்களாகவே இருப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாளைக்கு வேலை வேண்டும்.

பேட்டிக்கு வாய்ப்பான இடங்கள் வெளியே நிறைய உண்டு. கும்மிடிப்பூண்டி மார்க்க ரயில் நிலையங்கள் (கொருக்குப்பேட்டை, விம்கோ நகர், அத்திப்பட்டு), ரீசார்ஜும் மளிகையும் சேர்ந்த கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, ஞாயிறு காலை முடிவெட்டும் கடை. டாஸ்மாக் வாசல் மட்டும் வேண்டாம். அங்கே நின்று பேசினால் நீங்கள் போலீஸ் இன்ஃபார்மர் என்ற பேச்சு அன்று ராத்திரியே செட்டுக்குப் போய்விடும்.

கான்ட்ராக்டர் "முடிவை எனக்கும் காட்டுங்கள்" என்று கட்டாயம் கேட்பார். கேம்ப் வாரியாக எந்த எண்ணிக்கையும் தர முடியாது என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பிறகு சொன்னால் சண்டைதான்.

சக ஆய்வாளர்களை (பேட்டி எடுக்கும் தொழிலாளர்களை) எப்படித் தேர்ந்தெடுப்பது? என்ன கொடுப்பது?

ஹிந்தி நன்றாகப் பேசும், போனில் ஃபார்ம் நிரப்பத் தெரிந்த இளைஞரைப் பிடிப்பதுதான் வழக்கம். பெரும்பாலும் அவர் மேஸ்திரியின் தம்பி அல்லது மச்சானாக இருப்பார். எல்லோரிடமும் பேசுவார், ஆனால் யாரும் அவரிடம் பேச மாட்டார்கள். ஆட்களிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ராத்திரி உடம்பு சரியில்லை என்றால் யாரை எழுப்புவீர்கள்?" அடிக்கடி வரும் பெயர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

பயிற்சிக்கு ஞாயிற்றுக்கிழமையாக நான்கு அரை நாள் தேவை. அதில் ஒரு அரை நாள் முழுக்க ரகசியக் காப்புக்கே போக வேண்டும். ஒரே அறையில் தூங்குபவரிடம் கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பது மிகக் கஷ்டம். தன் செட்டு ஆளைத் தானே பேட்டி எடுக்கக் கூடாது என்ற விதியை உறுதியாக வையுங்கள். அவர் அடுத்த செட்டுக்குப் போகட்டும், அடுத்த செட்டுக்காரர் இங்கே வரட்டும்.

சம்பளம் அவர் இழக்கும் நாள் கூலிக்குக் குறையக் கூடாது. ஓவர்டைம் இழந்தால் அதையும் சேர்க்க வேண்டும். டீயும் சர்டிஃபிகேட்டும் கொடுத்து "தன்னார்வலர்" என்று அழைப்பது உழைப்பைத் திருடுவதுதான்.

எந்த மொழியில் கேட்பது?

ஹிந்தி, வங்காளம், ஒடியா, தெலுங்கு நான்கும் கட்டாயம். ஆனால் மொழிபெயர்ப்பை விடச் சொல்தான் பெரிய சிக்கல். "நஷா (போதை) பண்ணுவீங்களா?" என்று ஹிந்தியில் கேட்கும்போது எதிரே இருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பாருங்கள். இடது உள்ளங்கையில் கைனி என்ற புகையிலைத் தூள், அதில் விரல்நுனி அளவு சுண்ணாம்பு. வலது கட்டைவிரலால் தேய்த்து, இரண்டு தட்டு தட்டித் தூசியை ஊதிவிட்டு, கீழுதட்டுக்குள் அடக்கிக்கொண்டு, "இல்லை பாய், எந்த நஷாவும் கிடையாது" என்பார். பொய் சொல்லவில்லை. அவருக்குக் கைனி நஷா அல்ல, வேலைக்கு இடையே ஒரு மூச்சு.

பெண்களிடம் இது இன்னும் மறைந்திருக்கும். ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் பல் தேய்க்கும் "குடாக்கு", பீகார், வங்காளப் பக்கத்து "குல்" இரண்டிலும் புகையிலைதான். ஆனால் அவர்கள் கணக்கில் அது பற்பொடி. அதனால் "போதை" என்ற சொல்லையே எடுத்துவிட்டுப் பொருளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: கைனி, குட்கா, ஹான்ஸ், கூல் லிப், குல், குடாக்கு, பீடி, பாங் (கஞ்சாச் செடியின் இலை), கஞ்சா, ஹண்டியா (அரிசிக் கள்), சரக்கு, மாத்திரை. பாங்கையும் கஞ்சாவையும் ஒரே வரியில் போடாதீர்கள். போதைப்பொருள் சட்டத்தில் "கஞ்சா" என்பது பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதி. தனி இலை அதில் வராது. கேட்பவர் மனதிலும் இரண்டும் வேறுவேறு.

கேள்வித்தாளை மொழிபெயர்த்தபின் வேறொருவரை வைத்துத் திரும்ப மொழிபெயர்த்துச் சரிபார்ப்பது வழக்கம். அது போதாது. ஐந்தாறு பேரிடம் படித்துக்காட்டி, "இதை உங்கள் கூட்டாளிக்கு எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். வாக்கியம் எங்கே உடைகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

எவ்வளவு குடிக்கிறார் என்பதை எப்படி அளப்பது?

உலக சுகாதார நிறுவனத்தின் "ஆடிட்" குடிக்கு மட்டும்: 10 கேள்வி, 0 முதல் 40 வரை மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்தான குடி, 20 அல்லது அதற்கு மேல் என்றால் குடிநோய் இருக்க வாய்ப்பு அதிகம். புகையிலை, கஞ்சா, மாத்திரை எல்லாம் வேண்டுமென்றால் "அசிஸ்ட்": 8 கேள்வி. குடிக்கு 11 முதலும் மற்றவற்றுக்கு 4 முதலும் நடுத்தர ஆபத்து. எதற்கானாலும் 27 அல்லது அதற்கு மேல் போனால் அதிக ஆபத்து. கைனியையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய இந்த மக்களுக்கு அசிஸ்ட்டே பொருத்தம்.

தவறு நடப்பது "எத்தனை டிரிங்க்?" என்ற கேள்வியில். யாரும் டிரிங்க் கணக்கில் குடிப்பதில்லை. குவாட்டர், கட்டிங், பீர் என்றுதான் கணக்கு. மாற்றிக்கொள்ளும் வழி இது. ஒரு குவாட்டர் 180 மி.லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம், அதாவது 77 மி.லி. ஒரு மி.லி. ஆல்கஹாலின் எடை 0.789 கிராம் என்பதால் சுமார் 61 கிராம். 10 கிராமை ஒரு டிரிங்க் என்று வைத்தால் ஒரு குவாட்டர் ஆறு டிரிங்க், இருவர் பங்கு போடும் கட்டிங் ஆளுக்கு மூன்று. 650 மி.லி. பீர் 5 சதவீதம் என்றால் இரண்டரை டிரிங்க், 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் நான்கு. இந்தக் கணக்கை ஒட்டிய காலி பாட்டில் படங்களை அட்டையாக எடுத்துப்போங்கள். "ஒரு குவாட்டர்தான் சார்" என்பதை ஒரு டிரிங்க் என்று எழுதினால் மொத்த ஆய்வும் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

இன்னொன்று: பீகாரில் 2016 ஏப்ரல் முதல் முழு மதுவிலக்கு. ஊரில் இருந்த மாதங்களையும் இங்கிருந்த மாதங்களையும் கலந்து "கடந்த 12 மாதம்" என்று கேட்டால் வரும் விடைக்கு அர்த்தமே இருக்காது. இங்கு வந்த தேதியை முதலில் கேட்டு, அதற்குப் பிறகான மாதங்களைத் தனியாகக் கேளுங்கள்.

எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்? பட்டியலே இல்லையே?

பட்டியல் இல்லை, கிடைக்கவும் போவதில்லை. கான்ட்ராக்டர் தரும் மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு) பாதிதான். இரண்டு வழி உண்டு. இடம்–நேர மாதிரி: தொழிலாளர் கூடும் இடங்களையும் வேளைகளையும் வரைபடமாக்கி, அவற்றில் சிலவற்றைக் குலுக்கலில் எடுத்து, அங்கே வருபவர்களைப் பார்ப்பது. கூப்பன் சங்கிலி: ஆறு முதல் எட்டு ஆட்களில் தொடங்கி, ஒவ்வொருவரும் மூன்று கூப்பன் மூலம் தெரிந்தவர்களை அனுப்புவது.

கூப்பன் முறை காகிதத்தில் அழகாக இருக்கும். களத்தில் நான்கு இடத்தில் இடிக்கும். ஒரு செட்டில் தொடங்கிய சங்கிலி அந்தச் செட்டைத் தாண்டாது. அதனால் மொழிக்கு ஒரு தொடக்க ஆளாவது வேண்டும். கூப்பனுக்குப் பணம் என்றதும் மேஸ்திரி எல்லாக் கூப்பனையும் வாங்கி வைத்துக்கொள்வார். அதனால் கூப்பனில் காலாவதி தேதி போடுங்கள், இரண்டு வாரம் போதும். ஒரே ஆள் இரண்டு முறை வருவார். பெயர் வாங்காமல் கண்டுபிடிக்க வயது, உயரம், முன்கை அளவு மூன்றையும் குறித்துக்கொள்ளலாம். "உங்களுக்கு எத்தனை பேரைத் தெரியும்?" என்ற கேள்விக்கு 10, 20, 50 என்று முழு எண்ணாகவே பதில் வரும். "போன ஞாயிறு முதல் இன்றுவரை நேரில் பேசியவர்கள்" என்று சுருக்கினால் கொஞ்சம் தேறும்.

எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு: பழக்கம் உள்ளவர்கள் 30 சதவீதம் என்று கொண்டு, 5 சதவீதப் பிழை அனுமதித்தால் 323 பேர். கூப்பன் முறையில் ஒருவரைப் போலவே இன்னொருவர் இருப்பார் என்பதால் அதை இரண்டால் பெருக்கி 646. நூற்றுக்கு 15 பேர் பாதியில் எழுந்து போவார்கள் என்றால் 760.

போலீஸ் வந்து ஃபார்மைக் கேட்டால்?

கொடுக்க வேண்டி வரலாம். அமெரிக்காவில் ஆய்வாளருக்கு ரகசியக் காப்புச் சான்றிதழ் உண்டு. இங்கே அப்படி எதுவும் இல்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94ஆம் பிரிவில் ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லலாம். கஞ்சா பயன்படுத்தியதற்கே 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் பாதுகாப்பு ஒன்றே ஒன்றுதான்: கையில் இல்லாததை யாரும் பறிக்க முடியாது.

பெயர், போன் நம்பர், ஆதார், கேம்ப் பெயர் எதுவும் ஃபார்மில் ஏறக் கூடாது. கோபோ டூல்பாக்ஸ் போன்ற செயலியில் இருப்பிடப் பதிவை அணைத்துவையுங்கள். மறந்துவிட்டால் "பெயரில்லாத" ஃபார்மில் செட்டின் வாசல்படி வரை பதிவாகிவிடும். எங்கே வாங்குகிறார், யார் விற்கிறார், என்ன விலை: இந்த மூன்றும் ஆய்வுக்குத் தேவையே இல்லை. யாராவது தானாகச் சொல்ல ஆரம்பித்தால் பேச்சை மாற்றுங்கள். நிரப்பிய ஃபார்மைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை முதல் நாளே தடுக்க வேண்டும்.

அதே சட்டத்தின் 64ஏ பிரிவைத் தெரிந்துவையுங்கள். சிறிய அளவு அல்லது பயன்பாட்டுக் குற்றச்சாட்டு உள்ள, போதைக்கு அடிமையான ஒருவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. குட்கா, மெல்லும் புகையிலைத் தடை விற்பவர் மீது; மெல்பவர் மீது அல்ல. இதைச் சொன்னதுமே பலர் பேசத் தொடங்குவார்கள்.

படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்குவது எப்படி?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி சார்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துக்காட்டிக் கைநாட்டு வாங்கலாம். சாட்சி மேஸ்திரியாக இருக்கக் கூடாது. முன்பணக் கடனில் இருப்பவருக்குக் கைநாட்டே பயம் தரும் விஷயம். இந்த வகை ஆய்வில் கையெழுத்தே அடையாளமாகிவிடுவதால், வாய்வழி ஒப்புதலுக்கு நெறிமுறைக் குழுவிடம் முதலிலேயே விலக்கு கேளுங்கள்.

குடித்திருப்பவரிடம் வாங்கும் ஒப்புதல் செல்லாது. டாஸ்மாக் பகல் 12 முதல் இரவு 10 வரை. ஞாயிறு காலை 8 முதல் 11 வரைதான் உங்கள் நேரம்.

தொழிலாளர்களே போட்டோ எடுத்துச் சொல்லும் முறை இங்கே ஒத்துவருமா?

கவனம் வேண்டும். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, பலர் பயந்துபோய் ஊருக்குக் கிளம்பினார்கள். அதற்குப் பிறகு செட்டில் யாராவது கேமராவை நீட்டினால் முகங்கள் திரும்பிக்கொள்ளும். முகமும் பொட்டலமும் இல்லாத படங்கள் மட்டும் போதும்: தூங்கும் இடம், தண்ணீர் டிரம், ஷிஃப்ட் முடிந்து கழற்றிப்போட்ட பூட்ஸ். களைப்பையும் வலியையும் பற்றிப் பேச்சு அதிலிருந்தே தொடங்கும். இல்லையென்றால் படமே வேண்டாம், தரையில் சாக்பீஸால் செட்டு வரைபடம் போடுங்கள்.

பணம் கொடுத்தால் குடித்துவிட மாட்டார்களா?

குடிக்கலாம். உங்கள் சம்பளத்தை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு மணி நேரக் கூலிக்குச் சமமாகப் பணமாகவே கொடுங்கள். ரீசார்ஜ் கொடுத்தால் நம்பர் வாங்க வேண்டிவரும்; பெயரில்லாத ஆய்வு அங்கேயே முடிந்தது.

எந்த மாதம் களத்துக்குப் போவது?

ஹோலி, துர்கா பூஜை, சட் பூஜை நாட்களில் செட்டே காலியாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. கட்டட வேலை நின்று, கையில் காசும் இருக்காது, அப்போது எடுக்கும் அளவு வருடத்துக்குப் பொருந்தாது. காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஆட்கள் பலர் ஊரில். வாரக் கணக்கும் உண்டு: பல இடங்களில் முழுச் சம்பளம் கைக்கு வராது, ஞாயிற்றுக்கிழமை "கர்ச்சி" என்று செலவுக்காசு மட்டும் கிடைக்கும். அந்த நாளைச் சுற்றித்தான் குடியும்.

பேட்டியின்போது யாருக்காவது கை நடுங்கினால்?

பேட்டியை நிறுத்துங்கள். தினமும் குடிப்பவர் திடீரென விட்டால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும், 48 மணிக்குள் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாளில் பிதற்றல் நிலையும் வரலாம். கடைசி நிலை உயிரை எடுக்கும். ஊருக்கு இரண்டு நாள் ரயில் பயணத்திலும், நாள்கணக்கில் கடலில் நிற்கும் படகிலும் இது நடக்கும். அதனால் "இன்றோடு குடியை விடுங்கள்" என்ற அறிவுரை நல்லெண்ணமாகத் தெரிந்தாலும் ஆபத்தானது. வலிப்பு, குழப்பம் என்றால் 108. மற்றபடி ஸ்டான்லி அரசு மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். போனில் பேச 14416 (மனநல உதவி), 14446 (போதை மீட்பு உதவி). எண்ணை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். ஓ.பி. சீட்டு வாங்கத் தமிழ் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். அந்த நாளின் கூலியும் ஆட்டோ செலவும் பட்ஜெட்டில் இல்லாவிட்டால் பரிந்துரை காகிதத்தோடு நின்றுவிடும்.

முடிவை முதலில் யாரிடம் சொல்வது?

தொழிலாளர் குழுவிடம், அச்சுக்குப் போகும் முன்பே. "வெளிமாநிலத்தாரில் இத்தனை சதவீதம் போதை" என்ற ஒற்றை வரி வெளியே போனால் மறுநாள் வாடகை வீடு கிடைக்காமல் அவதிப்படுவது அவர்கள்தான். அதே வட்டாரத் தமிழ்த் தொழிலாளர் எண்ணிக்கையையும், வேலை நேரம், தூங்கும் இடம் பற்றிய விவரத்தையும் அதே பக்கத்தில் போடாமல் அந்த எண்ணைத் தனியாக விடாதீர்கள். 12 மணி நேர ஷிஃப்ட்காரருக்கும் 8 மணி நேரக்காரருக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் மாநில வித்தியாசத்தை விடப் பெரிதாக இருக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஷிஃப்ட் நேரத்தை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

முடிவைச் சொல்ல அறிக்கை வேண்டாம். சம்பந்தப்பட்ட மொழியில் மூன்று நிமிட ஆடியோ போதும். ஊருக்குத் திரும்பியவர்களுக்கும் அதைச் சக ஆய்வாளர்கள் தங்கள் போனிலிருந்தே அனுப்பிவிடுவார்கள், உங்கள் கைக்கு நம்பர் வர வேண்டியதில்லை.

குழுக் கூட்டத்துக்கு ஆளே வருவதில்லையே?

மாலை 5 மணிக்கு அலுவலகத்தில் வைத்தால் யார் வருவார்? இரவு 8 மணிக்கு மேல் செட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், 40 நிமிடத்தில் முடியுங்கள், சாப்பாடு போடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு, கடைசிக் கூட்டத்துக்கு வந்தவர்களிடம் காரணம் கேளுங்கள்.